ஜோதிகா சொன்ன நேரம்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போகிற விஷயத்தில் நடந்த தப்பில் பாதி அந்த வாயால் வந்தது. வடசென்னையில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியில், லேபர் வார்டில் நர்ஸாக இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். லூர்து சிஸ்டர் என்றால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். சிலர் பார்த்ததும் கும்பிடுவார்கள். சிலர் "அந்தப் பிசாசா?" என்பார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

எங்கள் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. பனிக்குடம் உடைந்த நேரம். குழந்தையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் உடைந்து வெளியே வந்துவிட்டால், வெளியில் இருக்கிற கிருமி உள்ளே போக வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மணி நேரம் என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம். ஒரு நாள் என்றால் மருந்து ஏற்ற வேண்டும். இரண்டு நாள் என்றால் ஓட வேண்டும். அதனால் உள்ளே வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பேன். வருகிற பதிலைச் சோதித்துப் பார்க்க எங்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. அவள் சொல்வதுதான் நேரம்.

தை மாதம், புதன்கிழமை, காலை ஒன்பதேகால். அப்போதுதான் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முந்தாநாளிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று சாவகாசமாகச் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வருமோ.

"ரெண்டு நாளா தண்ணி போய்கினு கீது, வூட்ல குந்திகினு சீரியல் பாத்துகினு இருந்தியா? உள்ள ஒரு உசுரு கீதுன்னு நெனப்பே இல்லியா ஒனக்கு? புள்ளைய சாவடிச்சிட்டு அப்பால இங்க வந்து அழு!"

நான் கத்தியது வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவள் ஜோதிகா. இருபத்தாறு வயது, கறுத்த, நெடுநெடுவென்ற பெண். நெட்டுக்குப்பம். கூடவே அவள் மாமியார் கன்னியம்மா, மருமகளின் இடுப்பில் ஒரு கையும் பையில் ஒரு கையுமாக. அவள் முறை வந்ததும் ஜோதிகாவைக் கட்டிலில் ஏற்றிக் கேட்டேன்.

"தண்ணி எப்ப ஒடஞ்சிது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். ஒரு வலி வந்து போகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"காத்தால. ஆறு மணி இருக்கும் சிஸ்டர்."

நான் எழுதிக்கொண்டேன். காலை ஆறு.

அவள் அப்படிச் சொன்னது ஏன் என்பதைப் பின்னால் அவளே என்னிடம் உட்கார்ந்து சொன்னாள். பிரசவ வார்டில் பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயசைக் குறைப்பார்கள், முந்தைய கருக்கலைப்பை மறைப்பார்கள். ஜோதிகாவின் பொய் அந்த ரகம் இல்லை. என் கத்தலைக் கேட்கும்வரை அவளுக்கே உண்மை தெரியாது.

ஜோதிகா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் நெட்டுக்குப்பத்திலேதான். அப்பா கட்டுமரம், அம்மா ஆற்றில் இறங்கி இறால் பிடிக்கிறவள். ஆறு கடலைத் தொடுகிற அந்த இடத்தில், மார்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றில் கையை விட்டுத் தடவித் தடவி இறாலைப் பிடித்துக் கழுத்தில் தொங்கும் பறிக்குள் போடுகிற வேலை. ஓலையில் முடைந்த சின்னக் கூடைக்குத்தான் அங்கே பறி என்று பேர். கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண்களில் இதைச் செய்கிறவர்கள் குப்பத்திலேயே நாலைந்து பேர்தான். மற்றவர்கள் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள். ஜோதிகா பத்து வயதில் அம்மாவோடு இறங்கினாள். பதினெட்டில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு தண்ணீர்தான் தனக்கு அம்மா வீடு என்று என்னிடம் சொன்னாள். மிகையாகச் சொல்கிற பெண் இல்லை அவள். அதனால் அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன்.

கன்னியம்மாவின் மகன் திலீப், காசிமேட்டு லாஞ்சில் வேலை. ஒருமுறை கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். காதலித்துத்தான் கட்டிக்கொண்டான். கல்யாணமான மறுவருஷம் ஜோதிகாவுக்குக் கரு நின்றது. ஐந்தாம் மாதம் கலைந்தது. கலைந்ததற்கு முந்தைய நாள் அவள் ஆற்றில் இறங்கியிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். குப்பம் டாக்டர் பேச்சையா கேட்கும்? இறால் ஆசையில் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னவர்களும் உண்டு.

கன்னியம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது முறை நாள் தள்ளியதும் மருமகளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னாள். பிள்ளை பெறும்வரை ஆற்றில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்கிறவர்கள்கூடச் சூடத்தை அடித்துப் பொய் சொல்ல மாட்டார்கள். ஜோதிகா அடித்தாள். அதன்பின் கன்னியம்மா அவளைக் குடம் தூக்கவிடவில்லை, மீன் அலசவிடவில்லை, தெருக் குழாய்க்குக்கூட அனுப்பவில்லை.

ஒன்பதாம் மாதம் இடுப்பு வலி தொடங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நின்றால் வயிறு கீழே இழுத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வலியைச் சொல்ல வேண்டியதில்லை, பெறாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். திரும்ப ஐந்தாகும். ஜோதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஆறு கண்ணெதிரில் கிடந்தது.

அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து ஆற்றில் கலக்கிற ஒரு மூலை உண்டு. அங்கே தை மாதத்தில்கூடத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். அதில் மார்பளவு நின்றாள். வயிற்றின் கனம் போய்விட்டது. இடுப்பு வலி போய்விட்டது. ஒரு மாதமாகத் தூங்காத பெண், நின்றபடியே கண் சொக்கினாள். கை மட்டும் பழக்கத்தில் சேற்றைத் தடவியது. ஏழெட்டு இறால் அகப்பட்டது. எல்லாவற்றையும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வாளே.

உள்ளே ஏதோ பட்டென்று விட்டது போல ஒரு தடவை இருந்ததாம். குழந்தை உதைக்கிறது என்று நினைத்தாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், வீட்டில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும், காலோடு வெதுவெதுப்பாக வழிவதைப் பார்த்து அலறியிருப்பாள். இவள் நின்றதே வெதுவெதுப்பான தண்ணீரில். பனிக்குடத்துத் தண்ணீர் ஆற்றோடு போனது அவளுக்குத் தெரியவே இல்லை. கரையேறும்போது புடவை, பாவாடை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதில் எது எந்தத் தண்ணீர் என்று யார் கண்டது?

துணி மாற்றிய பிறகும் ஈரம் கசிந்தது. கடைசி மாதத்தில் சிறுநீர் சொட்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதுதான் என்று இருந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடியும் போய் அதே மூலையில் நின்றாள். புதன்கிழமை விடிகாலையில் வலி எடுத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம் நெளிந்து நெளிந்து வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்து நின்றபோதுதான் நான் அந்தக் கொருக்குப்பேட்டைப் பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர் போனால் பிள்ளை செத்துவிடும் என்பதை ஜோதிகா என் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். அந்த நிமிஷத்தில்தான் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதும் அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் மாமியார், எதிரில் நான். பொய் சொன்னாள்.

இப்போதெல்லாம் பிரசவத்தின்போது வீட்டுப் பெண் ஒருத்தி கூடவே இருக்கலாம். நல்ல ஏற்பாடு, நான் மனசார வரவேற்ற ஏற்பாடு. அன்றைக்கு அதுவே கழுத்தை அறுத்தது. கன்னியம்மா ஜோதிகாவின் வலது கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பத்து மணிக்குக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நிமிஷத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. நல்ல எண். ஜோதிகாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஆட்டோவில் வந்த அலைச்சல் என்று விட்டேன். பன்னிரண்டு மணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபதைத் தாண்டக் கூடாது. முதல் பிரசவம், வலி நன்றாக இருக்கிறது, கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. பொறுத்திருக்கலாம் என்றுதான் காகிதம் சொன்னது.

ஒரு மணிக்கு நூற்று அறுபத்தாறு. தெர்மாமீட்டர் நூற்றொன்றைக் காட்டியது. டியூட்டி டாக்டர் நவ்ரீன் தியேட்டரில் ஒரு சிசேரியனில் இருந்தார். வண்ணாரப்பேட்டைப் பெண், சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. ஆள் அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது. தண்ணீர் உடைந்து ஏழு மணி நேரம்தானே ஆகிறது, சிறுநீரில் கிருமி இருக்கலாம், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து ட்ரிப் ஏற்றுங்கள், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதிய எண்ணை நம்பித்தான் அவர் முடிவெடுத்தார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏழு மணி நேரத்தில் இந்தக் காய்ச்சல் வராது. வாசனை ஒன்றும் லேசாக வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே வந்தது. மீன்கூடை சுமக்கிற கன்னியம்மா பக்கத்தில் நிற்கிறாள், நானும் மீன்கார வீட்டுப் பெண், எனக்கு அது வாசனையாகவே உறைக்கவில்லை. இப்போது குனிந்து பார்த்தபோது தெரிந்தது, அது மீன் இல்லை, உள்ளே கிருமி பிடித்த வாடை.

ட்ரிப் ஏற்ற ஊசி குத்த வேண்டியிருந்ததால் அவளுடைய இடது கையைத் திருப்பிப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாகக் குத்துக் காயம். சில காயங்கள் இன்னும் சிவப்பாக இருந்தன. நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் சேறு. என் அம்மாவின் கையை எனக்குத் தெரியும். இறாலின் தலைமுள் குத்தினால் இப்படித்தான் இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த அந்த ஆற்றுச் சேறு எண்ணூரைத் தவிர வேறெங்கும் கிடையாது.

"இன்னாம்மா, இறால் உரிச்சியா?" என்று கேட்டேன்.

ஜோதிகாவுக்கு முன்னால் கன்னியம்மா பதில் சொன்னாள். "அய்ய, நான் இவள ஒரு வேலையும் தொட வுடல சிஸ்டர். எட்டு மாசமா தண்ணி மொண்டு குடுத்ததுகூட நாந்தான்."

ஜோதிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கன்னியம்மாவிடம் வெளியே போய் வெந்நீர் வாங்கிவரச் சொன்னேன். "பிளாஸ்க்ல கீது சிஸ்டர்" என்றாள். துணி எடுத்துவரச் சொன்னேன். துணியும் பையில் இருந்தது. கொஞ்ச நேரம் வெளியே இரும்மா என்று அதட்டினேன். "வலில கீறா. இந்தக் கைய வுட்டுட்டு எங்கியும் போவ மாட்டேன், இன்னா வேணா பண்ணிக்க" என்று என்னையே அதட்டினாள். நான் சண்டைக்கு நிற்கிற ஆள்தான், அன்றைக்கு நேரமில்லை. டாப்ளர் கருவியில் குழந்தையின் துடிப்புச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்று எழுபது. நூற்று எழுபத்திரண்டு.

குனிந்து ஜோதிகாவின் காதருகில் போனேன். வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"எங்கம்மா கையும் இதே மாதிரிதான் இருக்கும். நான் கத்த மாட்டேன். எப்பன்னு மட்டும் சொல்லு."

அவள் உதட்டைக் கடித்தாள். அடுத்த வலி வந்தது. அது முடிகிறவரை நான் நகரவில்லை.

"சொன்னா பொழைக்குமா சிஸ்டர்?"

"சொன்னா சான்ஸ் கீது. சொல்லாங்காட்டி அதுவும் இல்ல."

ஜோதிகா மாமியார் பக்கம் திரும்பினாள். என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"திங்கக்கெழம, அத்த. மத்தியானம் மூணு மணி. இடுப்பு தாங்கல. சுடுதண்ணி வர்ற எடத்துல போயி நின்னேன். அங்கதான் ஒடஞ்சிருக்கு, எனக்கே தெரில. நேத்தும் எறங்கினேன். சூடம் அடிச்சது மறக்கல அத்த. தாங்கல."

கன்னியம்மாவின் கை தளர்ந்தது. காலையிலிருந்து விடாத கை கட்டில் கம்பியில் விழுந்தது. அவள் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.  பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அவளிடம் பாய எனக்கு நேரம் எங்கே? தியேட்டருக்கு ஓடினேன். ஐம்பது வயசில் அந்த வராந்தாவில் நான் ஓடியதைப் பார்த்து வாட்ச்மேன் நெருப்பு பிடித்துவிட்டது என்று நினைத்தானாம்.

"மேடம், ஆறு மணி இல்ல. திங்கக்கிழமை மூணு மணி. நாற்பத்தேழு மணி நேரம். ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னிருக்கா, ரெண்டு நாளும்."

டாக்டர் நவ்ரீன் தையல் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார். "கேஸ் ஷீட்ல ஆறு மணின்னு யார் எழுதினது?"

"நான்தான்."

 ரத்தத்தில் ஏற்ற வேண்டிய இரண்டு மருந்தைச் சொன்னார், வலி கூட்ட ட்ரிப் சொன்னார், குழந்தை டாக்டரை லேபர் ரூமிலேயே வந்து நிற்கச் சொல்லுங்கள் என்றார். பத்து நிமிஷத்தில் மருந்து ஜோதிகாவின் நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து கைவிட்டுப் பார்த்தபோது வாய் முழுக்கத் திறந்திருந்தது. தலை நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. தியேட்டருக்குத் தூக்கிப்போகிற நேரத்துக்கு இங்கேயே எடுத்துவிடலாம் என்றார்.

பிறகு நடந்த இருபது நிமிஷத்தை நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நூற்று எண்பதில் ஓடிக்கொண்டிருந்த துடிப்பு சட்டென்று இறங்கத் தொடங்கியது. நூற்று இருபது. நூறு. தொண்ணூறு. டாப்ளர் சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அதை ஜோதிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கீதா? உள்ள கீதா?"

"கீதுடி. நீ முக்கு."

"அத்த!" என்று கூப்பிட்டாள். கன்னியம்மா சுவரைவிட்டு நகரவில்லை. நான் என் இடது கையைக் கொடுத்தேன். இறால் பிடிக்கிறவள் கை அது, என் விரல் எலும்பு நொறுங்கிவிடும் போலப் பிடித்தாள். டாக்டர் தலையைப் பிடித்து இழுக்கிற வேக்யூம் கப்பைப் பொருத்தினார். ஒருமுறை இழுத்தார், நழுவியது. எண்பத்தைந்து. ஜோதிகா தலையைத் தூக்கி, பல்லைக் கடித்து, சத்தமே இல்லாமல் முக்கினாள். கத்துகிற பெண்களைவிடச் சத்தமில்லாமல் முக்குகிற பெண்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இரண்டாவது இழுப்பில் தலை வந்தது. இரண்டு முப்பத்தெட்டுக்குக் குழந்தை வெளியே வந்தது. பெண்.

அழவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. உடம்பு பூராவும் வெளிறிய நீலம். குழந்தை டாக்டர் பீம்ராவ் அதை வாங்கிக்கொண்டு விளக்குக்கடியில் வைத்தார், துடைத்தார், முதுகைத் தேய்த்தார். ஒன்றும் இல்லை. மூக்கின்மேல் சின்ன மாஸ்க்கை வைத்துக் காற்றை அழுத்த ஆரம்பித்தார்.  அழுத்திக்கொண்டே திரும்பாமல் கேட்டார்.

"பனிக்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரம்? ஷீட்ல ஆறு மணின்னு இருக்கு?"

அவசரத்தில் அதை நான் அடித்துத் திருத்தவில்லை. வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஜோதிகா கத்தினாள். அதுவரை கத்தாத பெண்.

"ஆறு மணி இல்ல டாக்டரு! திங்கக்கெழம மூணு மணி! ஆத்துல எறங்கினேன்! அந்த கலீஜ் தண்ணிலதான் ஒடஞ்சிது! எழுதிக்க! எம்பொண்ணுக்கு இன்னா மருந்து கீதோ எல்லாம் போடு!"

கதவுக்கு வெளியே நெட்டுக்குப்பத்துப் பெண்கள் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி காதில் விழுந்தாலே போதும், சாயங்காலத்துக்குள் குப்பம் பூராவும் தெரிந்துவிடும். ஜோதிகாவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்துதான் கத்தினாள்.

பீம்ராவ் டாக்டர் ஒரு நொடி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஆளிடம் மருந்துகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். ஒன்றரை நிமிஷம் கழித்துக் குழந்தையின் நெஞ்சு தானாக ஒருமுறை ஏறி இறங்கியது. மெலிதாக, முனகல் போல ஒரு சத்தம். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு ஓடினார்கள். ஜோதிகா முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்று நாள் குழந்தை இழுபறியில் கிடந்தது. ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கையில் ஊசி. இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பதையே பீம்ராவ் டாக்டர் தினமும் புதிது புதிதாகச் சொன்னார். ஜோதிகாவுக்குக் காய்ச்சல் விடாததால் அவளை அந்த வார்டுப் பக்கம் விடவில்லை. குழந்தையைப் பார்க்கிற அனுமதிச் சீட்டு கன்னியம்மாவிடம் இருந்தது. அவள்தான் காலையும் மாலையும் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவாள். வந்து மருமகளின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துகொள்வாள். கஞ்சி வாங்கிவந்து வைப்பாள், துணி துவைப்பாள், பேசமாட்டாள். ஜோதிகா கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். திலீபின் லாஞ்சு நடுக்கடலில், போன் போகவில்லை.

மூன்றாம் நாள் டியூட்டி முடிந்து கிளம்புகையில், வராந்தாக் குழாயடியில் கன்னியம்மாவைப் பிடித்துக்கொண்டேன். சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் வந்தது.

"இன்னாம்மா நெனச்சிகினு கீற நீ? சாமிக்கு சூடம் அடிச்ச, சரி. பெத்து போட்டு நாலு நாள் ஆவல, அவகிட்ட ஒரு வார்த்த பேசினா கொறஞ்சா பூடுவ? அவ எல்லார் முன்னாடியும் சொன்னாளே, அந்த தைரியம் ஒனக்கு வருமா?"

கன்னியம்மா குழாயை மூடினாள். கையில் பிழிந்த பாவாடை இருந்தது.

"எனக்கு இன்னா கோவம் சிஸ்டர் அவ மேல? செவ்வாக்கெழம இதே மாதிரி இவ பாவாடைய நாந்தான் அலசினேன். காத்தால ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா. ரெண்டு தபாவும் நனஞ்சி கெடந்துச்சு. நான் மூணு பெத்தவ. எனக்கு தெரிய வேணாம்? ஒண்ணுக்கு போயிருப்பா, கேட்டா கூச்சப்படுவான்னு வுட்டுட்டேன். அப்பவே கூட்டியாந்திருந்தா ஒரு நாள் மிச்சம். அவ சூடத்த அடிச்சிட்டு மறச்சாள்னா, நான் கண்ணால பாத்துட்டு வுட்டேன். எந்த வாய வெச்சிகினு அவகிட்ட பேசறது?"

 அந்த வார்டில் நேரத்தைத் தப்பாக எழுதிய ஒருத்தி, ஈரத்தைப் பார்த்தும் கேட்காத ஒருத்தி, பயத்தில் பொய் சொன்ன ஒருத்தி என்று மூன்று பேர் இருந்தோம். அதில் உண்மையை வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்திதான். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அன்றைக்கு வீட்டில் யாரையும் திட்டவில்லை.

ஜோதிகாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் காலை வார்டுக்குள் நுழைகிறேன், கன்னியம்மா எனக்கு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு தரையில் இழுபட்டது. அவள் வருகிற வேகத்தைப் பார்த்து ஜோதிகா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். முகம் செத்துப்போனது. நானும் நின்றுவிட்டேன். இந்த மாதிரி வேகமாக வருகிறவர்கள் என்ன சேதி கொண்டுவருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கன்னியம்மா கட்டிலருகில் வந்தாள். மருமகளின் கையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"எய்ந்திரு, ஜோதி. கொயாய எடுத்துட்டாங்க. அது வாய தொறந்து தொறந்து தேடுது, ஒன்ன இட்டார சொன்னாரு டாக்டரு. வா, போவலாம், நான் இன்னாத்த குடுக்கறது அதுக்கு?"